தலைவலி கண்ணிலா... திரையிலா?

"பித்தம் தலைக்கு ஏறிடுச்சுன்னு நினைக்கிறேன் டாக்டர். எதைக் குடுத்தாலும் வலி நிக்க மாட்டேங்குது!"

மகளை அழைத்துக்கொண்டு வந்த அம்மா இப்படித்தான் ஆரம்பித்தார். பெண்ணுக்கு வயது 24. ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை. காலை 9 மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் மூடுவதற்கு இரவு 7 ஆகிவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிடரியில் பிடிக்கிற வலி, சாயங்காலத்துக்குள் நெற்றிக்கு வந்துவிடும். கூடவே கண் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைவலி கிடையாது.

இந்தக் கடைசி வரியை நான் அன்றைக்கே ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை வந்திருக்காது!

நாடி பார்த்தேன். பித்தம் சற்று ஓங்கியிருந்தது. ராத்தூக்கம் சரியில்லை, ஒரு நாளைக்கு நாலு காபி, எண்ணெய் தேய்த்துக் குளித்து மாசக்கணக்காகிறது என்றெல்லாம் விசாரித்ததில் தெரிந்தது. வழக்கம்போல திரிபலா சூரணம், தலைக்குப் பொன்னாங்கண்ணித் தைலம், வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய்க் குளியல் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வந்தாள். தூக்கம் வந்திருக்கிறது. எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. தலைவலி? அப்படியே இருக்கிறது! நடுவில் கண் டாக்டரிடமும் போய்க் காட்டியிருக்கிறார்கள். பவர் எதுவும் இல்லை, கண் நன்றாகவே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"வேலையை விட்டுடலாம்னு இருக்கேன் டாக்டர்" என்றாள்.

அப்பா ரிட்டையர் ஆனவர். தம்பி காலேஜில் படிக்கிறான், ஃபீஸ் கட்டுவது இவள் சம்பளத்தில்தான். அந்தப் பெண் வாயிலிருந்து வேலையை விடுகிறேன் என்று வந்தது சாதாரண வார்த்தை இல்லை. அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"நீ வேலை செய்யும்போது எப்படிம்மா உட்காருவே? நாளைக்கு அந்த லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வா, பார்க்கலாம்" என்றேன்.

மறுநாள் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்துத் திறந்தாள். பாதி திறந்ததும் நிறுத்திவிட்டாள். மூடி நேராகக்கூட நிற்கவில்லை, கீபோர்டு பக்கமே கவிந்திருந்தது. அதில் தெரிவதைப் படிக்க முதுகைக் கூனி, கழுத்தை முன்னே நீட்டி, தலையைக் கீழே இறக்கி... பார்க்கும்போதே எனக்குக் கழுத்து வலித்தது!

"ஏம்மா, நல்லா திறந்து வெச்சுக்கக் கூடாதா?"

"திறந்தா மினுக்கும் டாக்டர். சில நேரம் இருட்டாகவே ஆயிடும். இந்த அளவுல வெச்சாத்தான் நிக்குது. ஆறு மாசமா இப்படித்தான், பழகிடுச்சு."

"தலைவலி எத்தனை மாசமா?"

கொஞ்சம் யோசித்தாள். "அஞ்சு மாசமா..."

கடையில் காட்டினீர்களா என்று கேட்டேன். காட்டியிருக்கிறார்கள். அங்கே திறந்துகூடப் பார்க்காமல், 'ஸ்கிரீன் போச்சு, புதுசு போடணும், 9,000 ரூபாய் ஆகும்' என்று சொல்லியிருக்கிறார்கள். தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா தள்ளிப் போட்டுவிட்டார். அவர் ஸ்கிரீன் செலவைத் தள்ளிப் போட்டார். மகள் கழுத்து அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தது.

என்னிடம் தோள்பட்டை வலிக்கு வருகிற லேப்டாப் மெக்கானிக் தம்பி ஒருவர் உண்டு. அவர் கடைக்கே அந்தப் பெண்ணையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கவே இல்லை. முதலில் எப்போது ஆரம்பித்தது, எப்படி இருக்கும் என்று கேட்டார். பிறகு கண்ணால் பார்த்தார். பிறகு மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே திரையைக் கவனித்தார். "சார், இது ஸ்கிரீன் இல்ல, கேபிள்" என்றார்.

அட, இது எங்கள் பாடம் ஆயிற்றே! சித்த வைத்தியத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் பார்த்த பிறகே நோய் இன்னதென்று சொல்ல வேண்டும். லேப்டாப்புக்கு இந்த எட்டில் மொழி, நிறம், ஸ்பரிசம் என்ற மூன்றுதான் ஒத்து வரும். மற்றதை விட்டுவிடுங்கள்! ஆனால் அந்த மூன்றையும் உங்கள் வீட்டிலேயே, பைசா செலவில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அன்று அந்தக் கடையில் அவரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

திரைக்குள் என்ன இருக்கிறது?

லேப்டாப் திரையை ஒரே கண்ணாடி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. நம் கண்ணைப் போலவே அதுவும் அடுக்கு அடுக்காக அமைந்தது. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள். அவற்றுக்கு நடுவே தலைமுடியின் பருமன்கூட இல்லாத இடைவெளி. அதற்குள் 'திரவப் படிகம்' என்ற பொருள் இருக்கிறது. மின்சாரம் பட்ட இடத்தில் இது திரும்பிக்கொள்ளும். ஜன்னல் கதவைத் திறந்து மூடுவதுபோல வெளிச்சத்தை ஓர் இடத்தில் விடும், இன்னோர் இடத்தில் மறைக்கும். அப்படித்தான் எழுத்தும் படமும் உண்டாகின்றன.

இந்தத் திரவப் படிகத்தின் தன்மையை முதலில் கண்டவர் யார் தெரியுமா? எலக்ட்ரானிக்ஸ்காரர் இல்லை, ஒரு தாவரவியல் அறிஞர்! 1888-ல் பிராகா நகரில் ஃபிரெட்ரிக் ரெய்னிட்சர் என்பவர் கேரட்டிலிருந்து எடுத்த கொழுப்புப் பொருள் ஒன்றைச் சூடுபடுத்திப் பார்த்தார். 145.5 டிகிரி செல்ஷியஸில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. திடமும் இல்லாமல் முழுத் திரவமும் இல்லாமல் நடுவே ஒரு நிலை. கேரட் கண்ணுக்கு நல்லது என்று அம்மாக்கள் சொல்வது இருக்கட்டும், கண்ணுக்கு எதிரே இருக்கிற திரைக்கும் வழிகாட்டியது அதுதான்!

சரி, விஷயத்துக்கு வருவோம். திரவப் படிகத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். 2010-க்கு முன்னால் வந்த லேப்டாப்கள் பலவற்றில் இதற்காகப் பேனா ரீஃபில் மாதிரி மெல்லிய டியூப் லைட் ஒன்று இருந்தது. பிறகு வந்தவற்றில் ஓரமாக வரிசையாக எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன. ஓ.எல்.இ.டி. என்று சில லேப்டாப்கள் வருகின்றன. அவற்றில் மட்டும் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும்.

மூன்றாவது சமாசாரம்தான் முக்கியம். உடம்பையும் தலையையும் கழுத்து இணைக்கிறது அல்லவா? லேப்டாப்புக்குக் கழுத்து அதன் கீல். கீழே இருக்கிற மதர்போர்டிலிருந்து படமும் மின்சாரமும் ஒரு மெல்லிய கேபிள் வழியாக அந்தக் கீலைத் தாண்டித்தான் மேலே போகின்றன. ஒரு நாளைக்குப் பத்து தடவை மூடித் திறந்தால் பத்து தடவை அந்தக் கேபிள் மடங்குகிறது. ஒரு மூலையை மட்டும் பிடித்து மூடியைத் தூக்குகிற பழக்கம் இருந்தால் கீல் தளர்ந்து, கேபிளின் உள்ளே ஓர் இழை அறுந்துவிடும். அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் நடந்தது இதுதான். லேப்டாப்புக்குக் கழுத்தில் கோளாறு, அதனால் அவளுக்கும் கழுத்தில் கோளாறு!

முதல் கேள்வி: கண்ணா, திரையா?

திரையைச் சோதிப்பதற்கு முன்னால் இதை அவசியம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் மேலே சொன்னதற்கு நேர்மாறாகவும் நடக்கும்.

என்னிடம் சர்க்கரை நோய்க்காக வரும் பெரியவர் ஒருவர். வயது 68. லேப்டாப்பில் கட்டம் போட்ட கணக்குத் தாளைப் பார்த்தால் கோடுகள் நடுவில் வளைந்து தெரிகின்றன என்று இரண்டு முறை கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். கடைக்காரர் நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "அப்பா, எனக்கு நேராத்தான் தெரியுது" என்று மகன் வேறு சொல்ல, வீட்டில் ஒரே சண்டை! என்னிடம் சர்க்கரை மருந்துக்கு வந்தவர் போகிற போக்கில் இதைச் சொன்னார்.

ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொன்னேன். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பார்த்தார். "அட, கம்பியும் வளைஞ்சிருக்கே!" என்றார். இடது கண்ணால் பார்த்தால் கம்பி நேராக இருந்தது. இரண்டு கண்ணையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருந்ததால், கோளாறு ஒரு கண்ணில்தான் என்பது அவருக்கே தெரியவில்லை. அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சர்க்கரை நோயால் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்திருந்தது. கண்ணுக்குள் ஊசி போட்டு வைத்தியம் நடக்கிறது. போன பார்வை முழுதும் திரும்பவில்லை, இருக்கிற பார்வை நின்றது. மூன்றாவது தடவையும் கடைக்கே போயிருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஆகவே திரையில் கோடோ, கறையோ, மினுக்கலோ தெரிந்தால் உடனே தலையைத் திருப்பி வெறும் சுவரைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரிலும் தெரிந்தால், உங்களுக்கு மட்டும் தெரிந்தால், கோளாறு லேப்டாப்பில் இல்லை. வளைந்து வளைந்து பளபளக்கிற கோடு ஒன்று தோன்றி, கண்ணை மூடினாலும் தெரிந்து, அரைமணி நேரத்துக்குள் மறைந்து, பிறகு மண்டையைப் பிளக்கிற மாதிரி ஒற்றைத் தலைவலி வந்தால் அது மைக்ரேனின் முன்னறிவிப்பாக இருக்கலாம். முதல் தடவை வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுவதே நல்லது. திடீரென்று பார்வை மங்குவது, மின்னல் வெட்டுவதுபோலத் தெரிவது, ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல மறைப்பது, கண் சிவந்து கடுமையாக வலிப்பது, பொருள் இரண்டாகத் தெரிவது... இவை எதுவானாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். சூரணத்தையும் தைலத்தையும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்!

வீட்டிலேயே செய்யும் சோதனை

சுவர் சுத்தமாகத் தெரிகிறது, எல்லோருக்கும் திரையில்தான் கோளாறு தெரிகிறது என்று முடிவாகிவிட்டதா? இப்போது லேப்டாப்பைப் பார்ப்போம்.

திரை ஒரேயடியாக இருட்டாக இருந்தால் பதற வேண்டாம். விசிறி ஓடுகிற சத்தம் வருகிறதா, கீபோர்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டும் பட்டனைப் பல தடவை அழுத்துங்கள். குழந்தைகள் விளையாட்டாக வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருப்பது உண்டு. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருந்து, மறுபடி போட்டுப் பாருங்கள். பாதி இருட்டு இதிலேயே விலகிவிடும்.

போகவில்லையா? அறை விளக்கை அணைத்துவிட்டு, லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக, பேய் மாதிரி எழுத்தும் படமும் தெரிந்தால் திரவப் படிகம் நன்றாக வேலை செய்கிறது, பின்னால் இருக்கிற விளக்குதான் எரியவில்லை என்று பொருள். அந்த விளக்கில், அல்லது அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் வழியில் கோளாறு. ஓ.எல்.இ.டி. திரையில் பின்விளக்கே கிடையாது என்பதால் அதற்கு இந்தச் சோதனை ஒத்து வராது.

அடுத்தது, எல்லாவற்றிலும் உயர்ந்த சோதனை. வீட்டு டி.வி.யோடு ஒரு ஹெச்.டி.எம்.ஐ. ஒயரால் லேப்டாப்பை இணையுங்கள். விண்டோஸ் கீயையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் படம் எங்கே தெரிய வேண்டும் என்று கேட்கும். (திரை இருட்டாக இருந்தால் கேள்வி கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அந்த 'பி'யை அழுத்தி, என்டர் தட்டிப் பாருங்கள்.) டி.வி.யில் படம் பளிச்சென்று வந்தால் மதர்போர்டு, படம் தயாரிக்கும் சிப் எல்லாம் நலம். கோளாறு கீலுக்கு மேலேதான்: கேபிள் அல்லது ஸ்கிரீன். டி.வி.யிலும் அதே கோடு, அதே மினுக்கல் வந்தால் ஸ்கிரீனை மாற்றுவது வீண். பல் வலிக்குக் கால் நகத்தை வெட்டுகிற கதைதான்.

இந்தச் சோதனையில் இன்னொரு லாபமும் இருக்கிறது. டி.வி.யில் படம் தெரிந்தால், கடைக்குக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் கணக்கு, போட்டோ எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மினுக்கல் என்றால் மூடியைச் சோதியுங்கள். இரண்டு கையாலும் பிடித்து, மிக மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். சாய்வுக்குத் தகுந்தபடி மினுக்கல் வருவதும் போவதுமாக இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு கேபிள்தான் என்கிறார் மெக்கானிக் தம்பி. அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி மினுக்கினால், கம்ப்யூட்டரை ஆரம்பிக்கும்போதே எஃப்2 போன்ற பட்டனை அழுத்தி உள்ளே போகிற செட்டிங் பக்கத்தைத் திறந்து சற்று நேரம் கவனியுங்கள். (எந்தப் பட்டன் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.) அந்தப் பக்கத்தில் விண்டோஸ் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அங்கே மினுக்காமல், விண்டோஸ் வந்த பிறகு மட்டும் மினுக்கினால் கோளாறு சாஃப்ட்வேரில். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்தினால் படத்தைக் கவனிக்கும் டிரைவர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். இங்கே 'பி' என்பது ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து, முன்பு சொன்னது பேனாவுக்கு வருகிற எழுத்து. குழப்பிக்கொள்ளாதீர்கள்! அதற்கும் கேட்காவிட்டால் டிரைவரை அப்டேட் செய்யச் சொல்லுங்கள். காலேஜ் போகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பத்து நிமிட வேலை.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். தெரிந்தவர் ஒருவரின் லேப்டாப், டைப் அடிக்க ஆரம்பித்தால் மட்டும் பட்டென்று இருட்டாகிவிடும். கையை எடுத்தால் சரியாகிவிடும். என்னவென்று பார்த்தால் கையில் காந்த வளையல்! மூடி மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க லேப்டாப்புக்குள் காந்தத்தை உணரும் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. வளையல் பக்கத்தில் வந்ததும் மூடியாகிவிட்டது என்று அது நினைத்துக்கொண்டது. அவருடைய ரத்த அழுத்தத்தை அந்த வளையல் குறைத்ததோ இல்லையோ, லேப்டாப்பை நன்றாகத் தூங்க வைத்தது. காந்தம் வைத்த செல்போன் உறையும் இதே வேலையைச் செய்யும்.

இனி, பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடக்கூடிய குறிகள். மை கொட்டியதுபோலக் கறுப்பாகப் பரவியிருந்தால் உள்ளே கண்ணாடி உடைந்திருக்கிறது. மேலே கீறல் தெரியாவிட்டாலும் உடைசல் உடைசல்தான். பேனாவையோ இயர்போனையோ கீபோர்டு மேல் வைத்துவிட்டு மூடுகிற வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். மேலிருந்து கீழாக ஒரே வண்ணத்தில் நேர்கோடு, எப்படி அசைத்தாலும் மாறாமல் நின்றால், பெரும்பாலும் ஸ்கிரீனின் ஓரத்தில் ஒட்டியிருக்கிற இணைப்பு விட்டுப்போயிருக்கும். இவை இரண்டுக்கும் புது ஸ்கிரீன்தான். ஒரே ஒரு புள்ளி மட்டும் கறுத்திருந்தால் அது செத்த புள்ளி. பரவாத வரை அதோடு குடித்தனம் நடத்தலாம். கீபோர்டோ மவுஸ் பலகையோ புடைத்துக்கொண்டு நின்றால் ஸ்கிரீனை மறந்துவிட்டு உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

ரிப்பேர் செய்யும்போது

வீட்டில் திறக்கலாமா என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயம், வேண்டாம். பழக்கம் இல்லாதவர் ஸ்கிரீனின் ஓரச் சட்டத்தைக் கழற்றினால் நல்ல கண்ணாடியும் உடையும். பேட்டரி இணைப்பை எடுக்காமல் கேபிளைத் தொட்டால் மதர்போர்டே போய்விடும். பழைய டியூப் லைட் வகையில் விளக்கை எரியவைக்க நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்படும், கையை வைத்தால் ஷாக். ஆனால் திறக்கத் தெரியாவிட்டாலும் பேசத் தெரிய வேண்டும்! 'டி.வி.யில் நல்லா வருது, மூடியைச் சாய்ச்சா மினுக்குது, கேபிளைப் பாருங்க' என்று நீங்கள் சொன்னால் கடையில் பேச்சே மாறிவிடும்.

கேபிள் என்றால் உங்கள் மாடலுக்கு உரிய கேபிளைத்தான் போட வேண்டும். அதோடு தளர்ந்த கீலையும் இறுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புதுக் கேபிளும் அதே இடத்தில் அறும். ஸ்கிரீனே மாற்ற வேண்டும் என்றால், பழைய ஸ்கிரீனின் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 14 அங்குலமா 15.6 அங்குலமா என்ற அளவு மட்டும் போதாது. கேபிள் சொருகும் இடத்தில் 30 பின்னா, 40 பின்னா? ஸ்க்ரூ காது இருக்கிறதா? தொடுதிரையா, சாதாரணமா? இவை ஒத்துப்போக வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்கலாம். போட்டு முடித்ததும் திரை முழுதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு வண்ணமாகக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். ஸ்கிரீன் வேலைக்கு உள்ளே இருப்பதை அழித்து ஃபார்மேட் செய்யத் தேவையே இல்லை. யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

பழைய ஸ்கிரீனைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அந்த மெல்லிய டியூப் லைட் வகையில் பாதரசம் இருக்கிறது. பாதரசத்தை முறைப்படி சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் சாஸ்திரத்தில் பாலபாடம். மின்னணுக் கழிவு வாங்குபவரிடம்தான் கொடுக்க வேண்டும். உடைந்த ஸ்கிரீனிலிருந்து ஏதாவது கசிந்து கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

துடைக்கும் விஷயத்தில் நம் வீடுகளில் அக்கிரமம் நடக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடியைப்போல விபூதி போட்டுத் துடைத்தவர்கள் உண்டு! திரையின் மேல் பூச்சு கீறிப் போய்விடும். தண்ணீரை நேராகத் தெளித்தால் கீழே வழிந்து ஓரத்துக்குள் இறங்கும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, மெத்தென்ற துணியை லேசாக ஈரமாக்கித் துடைத்தால் போதும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பவர்கள் மூடிக்கு வெளிப்பக்கம் வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத மினுக்கல்

ரிப்பேர் எதுவும் இல்லாத திரையும் சிலருக்குத் தலைவலி தரும். வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது பல லேப்டாப்கள் உண்மையில் விளக்கை மங்கலாக்குவதில்லை. படபடவென்று அணைத்து அணைத்துப் போடுகின்றன. நொடிக்கு 200 தடவை என்றால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நரம்புக்குத் தெரியலாம். 1989-ல் இங்கிலாந்தில் ஓர் அலுவலகத்தில் இதைப் போன்ற ஒன்றைச் சோதித்தார்கள். நொடிக்கு 100 தடவை துடிக்கிற சாதாரண டியூப் லைட்டுக்குப் பதிலாக, மிக வேகமாகத் துடிக்கிற டியூப் லைட்டை மாட்டியபோது தலைவலியும் கண் வலியும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன. சம்பந்தப்பட்டவர்களுக்கு எந்த விளக்கு என்பது தெரியாது.

செல்போன் கேமராவைத் திரைக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் குறைவாக இருக்கும்போது கறுப்புப் பட்டைகள் ஓடி, வெளிச்சத்தை முழுதும் ஏற்றியதும் அவை மறைந்தால் உங்கள் திரை இந்த ரகம். அப்படியானால் வெளிச்சத்தை ஏற்றியே வைத்துக்கொண்டு, அறை விளக்கையும் நன்றாகப் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். கண் கூசினால் பின்னணியின் வெள்ளை நிறத்தைச் சாம்பலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இமைக்க மறப்பது. 1993-ல் ஜப்பானில் எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 தடவை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கும்போது 10, கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கும்போது 7 தடவைதான் இமைத்தார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து வாசல் மரத்தையோ எதிர் வீட்டு மொட்டை மாடியையோ பார்த்துவிட்டு வாருங்கள். எரிகிறதே என்று தேன், தாய்ப்பால், இளநீர் என்று யாரோ சொன்னதைக் கண்ணில் விடாதீர்கள். கிருமி சேர்ந்தால் கருவிழியே புண்ணாகிவிடும்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்புக்குக் கேபிள் மாற்றி, கீல் இறுக்கியாயிற்று. கடையில் கேட்ட 9,000 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. நாலு தடிப் புத்தகத்தை அடுக்கி அதன் மேல் லேப்டாப்பை வைத்து, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி, ஒரு கை நீள தூரத்தில் உட்காரச் சொன்னேன். தட்டுவதற்குத் தனிக் கீபோர்டு ஒன்று வாங்கிக்கொண்டாள். ஆறு மாசம் கூனின கழுத்து ஒரே நாளில் நிமிராது. பிடரிக்கு வெந்நீர் ஒத்தடமும், கழுத்தை மெல்ல அசைக்கிற பயிற்சியும் சொல்லிக் கொடுத்தேன்.

பதினைந்து நாளில் அம்மா மட்டும் வந்தார். "அவளுக்கு லீவு கிடைக்கலை டாக்டர். தலைவலி வாரத்துல ஒரு நாள்தான் எட்டிப் பார்க்குதாம். மருந்து இன்னும் எத்தனை நாளைக்கு?"

தைலத்தையும் சூரணத்தையும் நிறுத்திவிடலாம் என்றேன். செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியல் மட்டும் தொடரட்டும். காபியை இரண்டாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்; அதைத்தான் கேட்பாளா தெரியவில்லை.